உனக்கு எதுக்கு வம்பு?

(கோடை விடுமுறையின் கடைசி ஞாயிறன்று நம் கிளப் ஹவுஸில் நடந்த பெற்றோர், தாத்தா பாட்டிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகச் சங்கம் கேட்டுக்கொண்டபடி எழுதித் தரப்பட்டது.)



நம் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, "டீச்சர், அடுத்தவங்களுக்கு அநியாயம் நடந்தா தட்டிக் கேக்கறதுக்குப் பிள்ளைகளை எப்படிப் பழக்கறதுன்னு ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருந்தவள், இதில் என்ன சிரமம் என்று நினைத்தேன். குறிப்பு எழுத உட்கார்ந்த பிறகுதான், உங்கள் முன்னால் முதலில் நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

போன மாதம் நம் ஷட்டில் கோர்ட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று பெயர் சொல்லப் போவதில்லை. தயவுசெய்து நீங்களும் பக்கத்தில் இருப்பவரிடம் குசுகுசுவென்று கேட்க வேண்டாம்.

நம் கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் மகன் ஐந்தாம் வகுப்பு முடித்தவன். லீவில் அப்பாவுக்கு உதவியாகத் துணி மூட்டைகளை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பான். போகும் வழியில் கோர்ட் ஓரமாக நின்று ஆட்டம் பார்ப்பான். கோர்ட்டுக்கு வெளியே விழும் காக்கை எடுத்துப் போடுவான். ஆள் குறைந்தால் அவனையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு நாள் சாயங்காலம் பெரிய பையன் ஒருவனின் ஸ்மார்ட் வாட்ச்சைக் காணவில்லை. அந்த இஸ்திரிக்காரர் பையன் மேல் சந்தேகம் போயிற்று. அவன் இல்லை என்று சொல்லச் சொல்ல, மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டித் தேடினார்கள். டவுசர் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். சுற்றி ஒன்பது பிள்ளைகள் நின்றிருந்தார்கள். வாக்கிங் போய்க்கொண்டிருந்த பெரியவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வாட்ச் கிடைக்கவில்லை. அவன் துணிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஒன்பது பேரில் என் பேத்தியும் ஒருத்தி. பத்து வயது. மேலே ஓடிவந்து மூச்சு வாங்க, "பாட்டி, அவன் எடுக்கவே இல்ல. அந்த அண்ணா வாட்சக் கழட்டி அவரோட கிட் பேக்லயேதான் வச்சாரு. நான் பாத்தேன்" என்றாள். நான் சமையலறையில் இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "உனக்கு எதுக்குடி வம்பு? பெரிய பசங்க விஷயம். போய்க் கை கால் கழுவிட்டு வா."

அவள் போய்க் கை கால் கழுவினாள். அதோடு முடிந்தது. இரண்டு நாள் கழித்து அந்த கிட் பேக்கின் பக்கவாட்டு ஜிப்பிலிருந்தே வாட்ச் வந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று ஒரு செய்தி போட்டார்கள். கட்டை விரல் படங்கள் நிறைய விழுந்தன. அந்தப் பையனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அன்று கொட்டிய மூட்டையில் என்னுடைய காட்டன் புடவை ஒன்றும் இருந்தது. அவன் அப்பா எல்லாத் துணியையும் மறுபடி தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். லேட்டானதற்கு மன்னிப்புக் கேட்டார். காரணம் சொல்லவில்லை. வாட்ச் கிடைத்த அன்றுதான் பேத்தி எனக்கு முழுக்கதையையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ டீச்சர்தானே பாட்டி, நான் சொன்னப்ப நீ ஏன் கீழ வரல?" என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் நாம் இன்று பேசவேண்டிய விஷயம் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அநியாயம் என்றால் என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. அதைச் சொல்ல நாலு மாடி ஏறியும் வந்தாள். பேசாமல் இருப்பதைத்தான் நான் கற்றுக்கொடுத்தேன்.

பொங்கல் விழாவில் நம் பிள்ளைகள் பாரதியின் பாப்பா பாட்டை மேடையில் பாடினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அக்கிரமம் செய்கிறவர்களைப் பார்த்துக் குழந்தை பயப்படக் கூடாது என்று பாரதி சொல்லும் இடம் வந்தபோது நாம் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அதே பாட்டைப் பாடிய பிள்ளை நாலு மாதம் கழித்து வந்து உண்மையைச் சொன்னால், "வம்பு வேண்டாம்" என்கிறோம். பிள்ளைகள் இரண்டில் எதை எடுத்துக்கொள்வார்கள்? மேடையில் பாடியதையா, வீட்டில் கேட்டதையா?

பெரியவர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாறான 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருப்பது. அவர் ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது முதல் வரிசையில், தம் நண்பர் ராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் உட்காருவார். ராமநாதனின் தந்தை லட்சுமண சாஸ்திரி ராமேஸ்வரம் கோவிலின் தலைமை அர்ச்சகர். வகுப்புக்குப் புதிதாக வந்த ஓர் ஆசிரியருக்கு, தொப்பி போட்ட பையன் அர்ச்சகர் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார். ராமநாதன் கண் கலங்கிப் போனார்.

அன்று வகுப்பில் அந்த இரண்டு சிறுவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆசிரியரை எதிர்த்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்ன பேச முடியும்? ஆனால் வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் நடந்ததைச் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரி "உனக்கு எதுக்கு வம்பு, வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லவில்லை. அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகள் முன்னாலேயே, குழந்தைகள் மனசில் இப்படிப்பட்ட விஷத்தை விதைக்கக் கூடாது என்று கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். ஆசிரியர் வருந்தினார், பிறகு மாறவும் செய்தார் என்று கலாம் எழுதுகிறார்.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, ராமநாதனுக்கு நேரடியாக ஒரு கெடுதலும் நடக்கவில்லை. அவருடைய இடம் முதல் வரிசையிலேயே பத்திரமாக இருந்தது. நண்பனுக்கு நடந்ததைத்தான் அவர் வீட்டில் சொன்னார். இரண்டாவது, அவர் சொன்னதற்குப் பலன் இருந்தது. சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்று பிள்ளைக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும், அடுத்த தடவையும் சொல்லும். கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தாலும் அது ஒரு தடவையிலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, கோர்ட்டில் ஒன்பது பிள்ளைகள் நின்றார்களே, ஏன் ஒருவர்கூடப் பேசவில்லை? எல்லோரும் மோசமான பிள்ளைகளா? இல்லை. எனக்கு அவர்களை நன்றாகத் தெரியும். லிஃப்டில் எனக்குப் பை தூக்கித் தருகிற பிள்ளைகள்தான்.

1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, மைக் வழியாக ஒருவரோடு ஒருவர் பேச வைத்தார்கள். பேச்சின் நடுவே ஒரு குரலுக்குச் சொந்தக்காரர் வலிப்பு வந்தவர் போலத் திணறி உதவி கேட்பார். அது முன்பே பதிவு செய்யப்பட்ட குரல். தான் ஒருவர்தான் இதைக் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே எழுந்து உதவி தேடிப் போனார்கள். தன்னைத் தவிர இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் அப்படிப் போனார்கள்.

கூட்டம் கூடக் கூட, யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கிறோம். ஒருவரும் சொல்லாததைப் பார்த்து, இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை போலிருக்கிறது என்றும் நினைத்துக்கொள்கிறோம். நம் கோர்ட்டில் ஒன்பது பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள். வாக்கிங் போன இரண்டு பெரியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

இன்னொரு ஆய்வும் எனக்குப் பிடித்தது. கனடாவின் டொராண்டோவில் ஆரம்பப் பள்ளி விளையாட்டுத் திடல்களில், பிள்ளைகளுக்குச் சிறிய மைக் மாட்டி, தூரத்தில் கேமரா வைத்து, அவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று கவனித்தார்கள். 2001-இல் அதன் முடிவுகள் வெளியாயின. ஒரு பிள்ளையை மற்றவர்கள் கொடுமைப்படுத்திய சம்பவங்களில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 19 சதவீதத்தில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். ஆனால் அப்படிக் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேல், அதாவது 57 சதவீதம், பத்து வினாடிக்குள் கொடுமை நின்றுபோனது.

பத்து வினாடி. மூட்டையை அவிழ்ப்பதற்கு ஆகும் நேரம்கூட இல்லை. "அண்ணா, உங்க கிட் பேக்ல ஒரு தடவ பாருங்களேன்" என்று ஒரு பிள்ளை சொல்லியிருந்தால் அன்று அந்தப் பையன் தலை குனிந்து போயிருக்க மாட்டான். அந்தச் சொல்லுக்கான தைரியத்தை எப்படிக் கொடுப்பது? பள்ளிக்கூடத்தில் பார்த்ததையும், தப்பு செய்து கற்றுக்கொண்டதையும் வைத்துச் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில், பிள்ளை வந்து சொல்லும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்துங்கள். அடுப்பை அணையுங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள். உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள், அறிவுரையும் வேண்டாம். "என்ன பாத்தே?" என்று கேளுங்கள். "அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பிறகு, "நீ என்ன செய்யணும்னு நினைச்சே? இப்ப நாம என்ன செய்யலாம்?" இந்தக் கடைசிக் கேள்வியில் 'நாம' என்ற வார்த்தைதான் முக்கியம். பிள்ளை தனியாக இல்லை என்று அதற்குப் புரிய வேண்டும்.

இரண்டாவது, கோள் சொல்வதற்கும் உதவி கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுங்கள். நம் பிள்ளைகள் வாயைத் திறக்காததற்குப் பெரிய காரணம் 'கோள்மூட்டி' என்ற பட்டத்துக்குப் பயப்படுவதுதான். நான் வகுப்பில் ஒரு சுலபமான கணக்குச் சொல்வேன். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் அது கோள். மாட்டிக்கொண்ட ஒருவரை மீட்பதற்காகச் சொன்னால் அது உதவி. "அவ ஹோம்வொர்க் எழுதல மிஸ்" என்பது முதல் ரகம். "அவ சாப்பாட்டு டப்பாவ ஒளிச்சு வச்சிட்டாங்க மிஸ், அழறா" என்பது இரண்டாவது ரகம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே இது புரியும்.

மூன்றாவது, என்ன பேசுவது என்பதை வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். அநியாயத்தைத் தட்டிக் கேள் என்று சொன்னால் பிள்ளைக்கு சினிமா சண்டைக் காட்சிதான் கண்ணில் வரும். அது நம்மால் ஆகாது என்று ஒதுங்கிவிடும். உண்மையில் வேண்டியது சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். "விடுங்கப்பா, போதும்." "அது சரியில்ல." "அவன் அப்படிச் செஞ்சத நீ பாத்தியா?" அதுவும் சொல்ல முடியாவிட்டால், வம்புக்கு ஆளான பிள்ளையைப் பார்த்து, "வா, நாம அங்க போய் விளையாடலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டு போகலாம். அதுவும் முடியாவிட்டால் ஒரு பெரியவரைக் கூட்டி வரலாம். எதுவுமே முடியாமல் போனால், எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பிள்ளையிடம் போய், "நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லலாம். கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கேலிக்கு ஆளாகி என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் பலர், திட்டியவர்களைப் பற்றிச் சொன்னதைவிட, "எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க மிஸ்" என்றுதான் அதிகம் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வாக்கியங்களை இரண்டு மூன்று தடவை நடித்துப் பாருங்கள். அப்பா வம்பு செய்கிறவராக இருக்கட்டும், அண்ணன் மாட்டிக்கொண்டவனாக இருக்கட்டும். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வாய் ஒரு தடவை சொல்லிப் பழகிய வார்த்தை, பயத்தில் நிற்கும்போது தானாக வந்துவிடும்.

நாலாவது, துணை தேடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் பேசுவது கஷ்டம். இரண்டு பேர் சேர்ந்தால் பாதி பயம் போய்விடும். 2007-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துப் பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததற்காகக் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளானான். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த இரண்டு மாணவர்கள் கேள்விப்பட்டார்கள். யாரையும் அடிக்கப் போகவில்லை. கடைக்குப் போய் விலை குறைந்த இளஞ்சிவப்புச் சட்டைகள் 50 வாங்கினார்கள். ராத்திரியே நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இளஞ்சிவப்பில் வந்து நின்றார்கள். இன்றும் கனடாவில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒரு நாளை இளஞ்சிவப்புச் சட்டை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆரம்பித்தவர்கள் இரண்டே பேர்தான்.

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'கிவா' என்ற திட்டமும் இதே வழியில்தான் போகிறது. வம்பு செய்கிறவனைத் திருத்துவதோடு நிறுத்திவிடாமல், சுற்றி நின்று பார்க்கும் பிள்ளைகளை மாற்றுவதுதான் அதன் முக்கிய வேலை. பார்க்க ஆள் இல்லாவிட்டால், சிரிக்க ஆள் இல்லாவிட்டால், வம்பு செய்கிறவனுக்கு அதில் சுவாரசியம் போய்விடும்.

ஐந்தாவது, எங்கே தானே இறங்கக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கை நீளும் சண்டையில், பெரிய ஆட்கள் சம்பந்தப்பட்ட விஷயத்தில், கையில் ஆயுதம் இருக்கும் இடத்தில் பிள்ளை நடுவில் போய் நிற்கக் கூடாது. ஓடிப்போய்ப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கான 14417 என்ற எண்ணும் உங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கட்டும்.

இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. தன்னைச் சாதியைச் சொல்லித் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் புகார் செய்த மாணவனை, வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தச் செய்தி வந்தபோது நாமெல்லாம் வருத்தப்பட்டோம். ஆனால் அந்தக் கயிறு பள்ளிக்கூடத்தில் முளைத்தது இல்லை. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் கட்டிக்கொண்டு போனதுதான்.

அதனால்தான் ஆறாவதாகச் சொல்ல வேண்டியது நம் வீட்டைப் பற்றி. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? பிள்ளை பார்க்கிறது. கூரியர் தம்பி லிஃப்டில் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா? பிள்ளை பார்க்கிறது. "அந்த மாதிரி ஆளுங்களோட சேராதே" என்கிறோம். கறுப்பாக இருக்கும் பிள்ளையை நிறத்தை வைத்துப் பட்டப்பெயரில் கூப்பிட்டால் நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். இஸ்திரிக்காரர் பையன் மேல் சந்தேகம் வந்ததே, அது எப்படி அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியது? கோர்ட்டில் அத்தனை பேர் இருந்தார்களே, வேறு ஒருவர் பையைக்கூட ஏன் யாரும் திறக்கச் சொல்லவில்லை? பதில் நமக்குத் தெரியும். வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனால் நம் வாயில் முதலில் யார் பெயர் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழாவது, எல்லாவற்றிலும் கஷ்டமானது. வம்பு செய்தது நம் பிள்ளையாக இருந்தால்? "என் பிள்ளை அப்படிச் செய்யவே மாட்டான்" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். ஆசிரியையாக இருந்தபோது இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை திருந்துவதற்கு இருந்த வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம். எல்லோர் முன்னாலும் அடிப்பதும் திட்டுவதும் வேண்டாம். அடி வாங்கிய பிள்ளை அதைவிடச் சின்னப் பிள்ளையிடம்தான் போய்க் காட்டும். செய்ததைச் சொல்ல வைத்து, யாருக்குச் செய்தானோ அவர்களிடம் கூட்டிப்போய், அதைச் சரிசெய்ய வையுங்கள். கூடவே நில்லுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பேசிய பிள்ளையை நாலு நாள் விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள். பட்டப்பெயர் வைப்பார்கள். பிள்ளை வந்து, "நீ சொன்னேன்னுதான் பேசினேன், இப்ப என்கூட யாருமே பேசல" என்று அழும். அப்போது "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நாலு நாளும் நீங்கள் கீழே இறங்கி அதோடு விளையாடுங்கள்.

இனி என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பேத்தி கேட்ட மறுநாள் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போனேன். அப்பாவும் மகனும் இருந்தார்கள். "அன்னைக்கு எம் பேத்தி வந்து உண்மையச் சொன்னா. நான்தான் வாய மூடச் சொல்லிட்டேன். தப்பு என்னுதுப்பா" என்றேன். அவர் பதறி, "அய்யோ, என்ன டீச்சரம்மா நீங்க, பரவால்லம்மா. சின்னப் பசங்க" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. கரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பேத்தி அவனிடம், "நீ எடுக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்து, "அப்பவே சொல்றதுதானே?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவன் இன்று வரை நம் வளாகத்துக்குள் வரவில்லை. மூட்டையைக் கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். நாம் மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தால் அது என் தப்பு.

அதனால் இந்தக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். செயலாளர் இதைக் கமிட்டியில் வைக்க வேண்டும்.

ஒன்று, நம் வளாகத்தில் எந்தப் பொருள் காணாமல் போனாலும், யாருடைய பையையும் மூட்டையையும் உடம்பையும் குடியிருப்பவர்களோ பிள்ளைகளோ சோதனை போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கட்டும். இது வேலைக்கு வருகிறவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பொருந்த வேண்டும்.

இரண்டு, பெற்றோரின் வேலைக்காக இங்கே வரும் பிள்ளைகளும் சாயங்காலம் நம் பிள்ளைகளோடு கோர்ட்டிலும் பூங்காவிலும் விளையாடலாம் என்று விதியில் எழுத வேண்டும். "மெயிண்டனன்ஸ் கட்டுறது நாங்க" என்று சிலர் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கட்டுகிறோம், சரி. ஒரு பிள்ளை கூடுதலாக ஆடினால் கோர்ட் தேய்ந்துவிடாது. ஆள் குறைந்தபோது சேர்த்துக்கொண்ட பிள்ளையை ஆள் இருக்கும்போதும் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று, வாட்ச் கிடைத்தது என்று போட்ட அதே வாட்ஸ்அப் குரூப்பில், அந்தப் பையன் மேல் தப்பு இல்லை, நாம் செய்தது தப்பு என்று சங்கத்தின் பெயரில் ஒரு செய்தி வர வேண்டும். அதை அச்செடுத்து அவன் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் போகத் தயார். என்னோடு இன்னும் இரண்டு பேர் வந்தால் நல்லது.

கூட்டத்துக்கு வராமல் இதைப் படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடமோ பேரப் பிள்ளையிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் யாருக்காவது அநியாயம் நடந்து நீ பாத்தியா?" பதில் வந்தால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேளுங்கள். வராவிட்டால் அடுத்த வாரமும் கேளுங்கள். சொன்னால் இந்த வீட்டில் கேட்பார்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் இஸ்திரி வண்டிக்குப் போகப் போகிறேன். வருகிறவர்கள் மெயின் கேட்டில் நில்லுங்கள்.